‘மணிக்கு மேல், மணிக்குள்’: கச்சேரி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது நாற்பத்தாறு. கண்டாங்கிச் சேலை விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, உங்களில் ஒருவர் நடத்திய நிகழ்ச்சிக்கு என் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தேன். நடத்தியது யார், எந்தத் திடல், எந்தக் குழு என்று எழுதப்போவதில்லை. குழுவின் பெயரைச் சொன்னால் பழி பாடியவர்கள் மேல் விழும். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடத்தியவரின் பெயரைச் சொன்னாலோ, மற்றவர்கள் இந்த மடல் தங்களுக்கு இல்லை என்று மடித்து வைத்துவிடுவீர்கள்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. குழு எத்தனை மணிக்கு மேடை ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை டிக்கெட்டில் அச்சிடுங்கள். இப்போது நீங்கள் அச்சிடுவது ‘வாயில் திறப்பு மாலை 4 மணி’ என்பது மட்டும்தான். கல்யாண மண்டபத்தின் கதவை எப்போது திறப்பார்கள் என்று எந்தப் பத்திரிகையிலாவது பார்த்திருக்கிறீர்களா? தாலி கட்டும் நேரத்தைத்தான் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதைத் திருப்பூட்டுதல் என்போம். ‘காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்று இருக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். எந்த ஊரிலிருந்து வருகிறவரும் எந்த வண்டியைப் பிடிப்பது, எப்போது திரும்புவது என்று அந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்துவிடுவார்.

பயணத்தைப் பற்றி வீட்டில் சொன்னபோது, அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, “எந்தக் கோவிலுக்கு?” என்பது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் போவதற்குச் சாமியைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாட்டுக் கேட்க என்றேன். “அதைத்தான் போனிலேயே கேட்கிறாயே” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே பதிலைச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது, நாகசுர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வருகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பத்தாவின் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) வில்வண்டி பூட்டி, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனாராம். வண்டிக்குள் வைக்கோல், அதன் மேல் ஜமுக்காளம், தூக்கில் புளியோதரை. நாகசுரம் தொடங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டதாம். அவருடைய தோடி ராகத்தைக் கேட்டது நினைவிருக்கிறதா என்றேன். “தூங்கிவிட்டேன், அப்பச்சி எழுப்பிக் கேட்க வைத்தார்” என்றார். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமாகிவிட்டார். எண்பத்தெட்டு வயதில் அப்பத்தாவுக்குக் காலையில் மாத்திரை போட்டது மறந்துவிடுகிறது. அந்த ராத்திரி மறக்கவில்லை.

இந்தக் கதையை நீங்கள் உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். ‘பாருங்கள், அந்தக் காலத்திலும் நேரத்துக்குத் தொடங்கவில்லையே!’ என்று. உண்மைதான். ஆனால் அது சாமி புறப்பாடு, டிக்கெட் கிடையாது. தெருவிலேயே துண்டை விரித்துப் படுக்கலாம். விடிந்த பிறகு மாட்டை அவிழ்த்துப் பூட்டினால் வண்டி வீடு வந்து சேரும். பத்தேமுக்கால் மணி பஸ் போய்விடுமே என்று அன்று யாரும் கவலைப்படவில்லை.

இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும் என்றும் கேட்கலாம். எங்கள் ஊரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. முத்துமாரியம்மன் கோவில் மாசி-பங்குனித் திருவிழா வந்தால் மெல்லிசைக் குழுக்கள் வரிசையாக வரும். அவர்கள் பாடுவது திரைப்பாட்டு. அதையும் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவள்தான். ஆனால் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதி, மெட்டமைத்துப் பாடும் குழுக்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலில் மேடை ஏறியதைக் கைப்பேசியில் பார்த்தேன். பத்தொன்பது பேர்; கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். பாட்டைவிட எனக்கு வியப்பாக இருந்தது அந்தக் கூட்டம்தான். ஒவ்வொரு வரியையும் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருமுறை நிற்க வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது. போனில் கேட்கும்போது பாட்டு காதுக்குள் மட்டும் கிடக்கிறது. பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத பெண் நம் வரியைத் தன் வரியாகப் பாடுவது போனில் வராது.

சரி, கணக்குக்கு வருகிறேன். தொழில் புத்தி.

காலை நாலேமுக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலை ரயில்; மதியம் சென்னை. நாலு மணிக்கு உங்கள் வாயிலில் நின்றோம். அக்காள் கொடுத்துவிட்ட சம்படத்தில் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் இருந்தன. வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று சம்படத்தோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சீடை போனது போகட்டும், சம்படம் அக்காளின் சீர்ச் சாமான். திரும்பும்போது தேடினேன், கிடைக்கவில்லை. இந்த மடல் அதற்காக அல்ல. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு மேல் வேறொரு குழு நாற்பது நிமிடம் வாசித்தது. நல்ல பிள்ளைகள். பிறகு திரையில் விளம்பரம் ஓடியது. ஒருவர் வந்து மைக்கைத் தட்டிவிட்டுப் போனார். இன்னொருவர் வந்து “சத்தம் போதுமா?” என்று கேட்டு எங்களைக் கத்தச் சொன்னார், கத்தினோம். மறுபடி விளம்பரம். நாங்கள் தேடி வந்த குழு மேடை ஏறியபோது மணி எட்டு நாற்பது.

காரைக்குடி வழியாகத் தெற்கே போகும் இரவு ரயில்கள் பெரும்பாலும் ஒன்பது மணிக்குள் சென்னையை விட்டுவிடும். மிச்சம் இருப்பது பஸ். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு எங்கள் பக்கத்து அரசு பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. உங்கள் திடலிலிருந்து ஆட்டோவில் ஒரு மணி நேரம். பத்தேமுக்கால் மணி பஸ்ஸைப் பிடிக்க ஒன்பது இருபத்தைந்துக்கு நாங்கள் கிளம்பினோம். வெளியே வந்து ஆட்டோவில் ஒரு காலை வைத்தபோது, எந்தப் பாட்டுக்காக அந்தப் பெண் ஆறு மாதம் கைச்செலவுக் காசைச் சேர்த்தாளோ அந்தப் பாட்டின் வயலின் தொடங்கியது. அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஓட்டுநர் நல்ல மனிதர். இன்ஜினை அணைத்துவிட்டு, “கேளுங்கள் அம்மா, வேகமாகப் போய்விடலாம்” என்றார். சுவருக்கு வெளியே முக்கால் பாட்டுக் கேட்டோம். பாடியவர்களின் தலை கூடத் தெரியவில்லை. மேலே எழும்பிய புகையில் நீல விளக்கு மாறி மாறி விழுவது மட்டும் தெரிந்தது.

காலையில் காரைக்குடி வந்து சேர்ந்தபோது மணி ஏழு. இருபத்தாறு மணி நேரம் பதினைந்து நிமிடம். அதில் நாங்கள் தேடிப் போன குழுவை மேடையில் பார்த்தது நாற்பத்தைந்து நிமிடம். டிக்கெட் ஒன்று 1,500 ரூபாய். வட்டிக் கணக்கில் ஒரு தம்பிடி விடாத ஊர் இது. இப்படி ஒரு வரவு செலவை நான் பேரேட்டில் எழுதியதில்லை.

கடைசி வரை இருந்தவர்களாவது நிறைவோடு போனார்களா என்றால், அதுவும் இல்லை. சரியாகப் பத்து மணிக்கு ஒலி நின்றுவிட்டதாம். இரண்டு பாட்டுகள் மிச்சம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம்; அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டும், விதி நியாயமானது. அதாவது முடியும் நேரம் உங்கள் கையில் இல்லை, தொடங்கும் நேரம் மட்டுமே இருக்கிறது. தொடக்கத்தில் நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு நிமிடமும் கடைசிப் பாட்டிலிருந்துதான் கழிகிறது.

தாமதத்துக்குக் காரணம் எனக்கும் ஓரளவு புரிகிறது. கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நல்ல வியாபாரம். ஆனால் கூட்டம் ஏன் தாமதமாகச் சேருகிறது? நீங்கள் தாமதமாகத்தான் தொடங்குவீர்கள் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் எட்டேகாலுக்கு வந்தார். திடலிலிருந்து பத்து நிமிடத்தில் வீடு. “நாலு மணிக்கே வந்தீர்களா!” என்று வாயில் கையை வைத்தார். டிக்கெட்டில் எழுதியிருப்பதை நம்புகிறவர் வெளியூர்க்காரர் ஒருவர்தான். நம்பியதற்குக் கூலியாக அவரைத்தான் நிற்க வைக்கிறீர்கள்.

ஆயிரக்கணக்கான பேரை வைத்துக்கொண்டு நேரம் காக்க முடியாது என்று சொல்லாதீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறார்கள் எங்கள் பக்கத்து நகரத்தார்கள். எந்த ஊரில் காலைப் பலகாரம், எந்த ஊரில் இரவுத் தங்கல் என்பது கிளம்பும் முன்பே எல்லோருக்கும் தெரியும். கால் கொப்பளித்தவர்களை வைத்துக்கொண்டே அவர்களால் முடிகிறது.

கச்சேரி என்றால் அப்படித்தான் என்றும் சொல்லாதீர்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், பெரிய ராகம், பல்லவி, கடைசியில் துக்கடா என்று இன்றைய கர்நாடக இசைக் கச்சேரி வரிசையை நிலைநிறுத்தியவர் ராமானுஜ ஐயங்கார். அவர் எங்களுக்குப் பக்கத்து ஊரான அரியக்குடிக்காரர். கேட்கிறவர் சலிப்பதற்கு முன் அடுத்த உருப்படிக்குப் போய்விட வேண்டும் என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர். உங்கள் சென்னையிலேயே மார்கழியில் சபாக்கள் கால் மணி, அரை மணி என்று நேரம் போட்டு அட்டவணை அச்சிடுகின்றன; அதை நம்பி ஒரு சபாவிலிருந்து இன்னொரு சபாவுக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்! கிடாருக்கும் டிரம்ஸுக்கும் கம்பி இழுக்கவும் ஒலி சரிபார்க்கவும் கூடுதல் நேரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அரை மணி முன்பின் ஆனால் குடி முழுகாது; அதற்குத்தான் முகூர்த்தப் பத்திரிகையில் ‘மேல்’ என்றும் ‘உள்’ என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறோம்.

‘மாலை 7.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் மேடையேற்றம். இரவு 9.30 மணிக்கு நிறைவு.’ இவ்வளவுதான். அச்சுக்கூலி ஒன்றும் அதிகமாகாது.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. உங்கள் நேரமோ அன்று இரவு எட்டு நாற்பது வரை யாருக்கும் தெரிவதில்லை. அதே குழு தை மாதம் மறுபடி வருகிறது. போகும் பயணத்துக்குப் பல்லவனில் இரண்டு இருக்கை எடுத்துவிட்டேன். இந்த முறை சம்படம் இல்லாமல் வருகிறோம். திரும்புவதற்கு இரவு ரயிலா, பத்தேமுக்கால் பஸ்ஸா, அதற்கும் அடுத்ததா என்று அக்காள் மகள் தினமும் கேட்கிறாள். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு ரசிகை