அத்தைக்கு, கால் மணி நேரம் தாமதமாக

அத்தை,

அத்தான் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. ஆரியங்காவுக்கு நேரில் வந்தால் காபி தருகிறீர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் தருகிறீர்கள், "அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு" என்று கேட்கிறீர்கள், உடனே தொழுவத்தில் ஏதோ வேலை வந்துவிடுகிறது. மூன்று வருஷமாக முடியாத வேலை. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். பாதியில் எழுந்து போனாலும் அத்தான் தொழுவத்துக்கே பின்னால் வந்து மீதியை வாசிப்பார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் செய்தி. இந்த ஐப்பசியில் மறுபடியும் நேபாளத்து முக்திநாத் போகிறேன். இந்தத் தடவை 34 பேரைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு என்னுடையது. அன்றைக்கு நம்மைக் கூட்டிப்போனவர்கள் இல்லை, இது வேறு ஆட்கள். ஒரு மாதம் யோசித்து, போன வாரம்தான் சரி என்று சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். அப்பாவும் இதைப் படிக்கிறார்.

வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு குறிப்புத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். வோட்டர் ஐடி அசல் வேண்டும். கம்பளிக் குல்லாய், பிரஷர் மாத்திரை, மாற்றுச் செருப்பு. அப்புறம் நாலாவது வரி: 'சுனௌலி எல்லை தாண்டியதும் கைக்கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கவும்.' அதோடு பேனா நின்றுவிட்டது. ராத்திரி ஒரு மணி வரை அந்த ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாம் எப்படிப் போனோம், யார் பணம் கட்டியது, புறப்படும்போது அம்மை என்ன சொன்னாள், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. கொச்சுவேளியில் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, கோரக்பூரில் இறங்கியபோது எல்லார் காலும் வீங்கியிருந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள் அங்கே செல்லாது என்று சொன்னதால் மொத்தப் பணத்தையும் நூறு நூறாக மாற்றி, சுருக்குப்பையில் திணித்து, அதை இடுப்பில் செருகி, பஸ்ஸில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நூறு கொடுத்தால் நேபாளக் காசு 160 என்றதும் உங்கள் முகம் மலர்ந்ததே! ஒரு கட்டு கொடுத்து ஒன்றரைக் கட்டுக்கு மேல் வாங்கினதை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்.

எல்லையில் என் போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டது. நேபாளத்துக்காரர்கள் கௌரிசங்கர் மலையை வைத்துத் தங்கள் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள், நம்மைவிடப் பதினைந்து நிமிஷம் முன்னால். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல தடவை எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உங்கள் கையில் இருந்தது மாமாவின் எச்எம்டி. லைனில் கேங்மேனாக இருந்த காலத்திலிருந்து மாமா கட்டியது. 2010-ல் மீட்டர்கேஜ் வண்டி நின்றபோது மாமா அதைக் கழற்றி அலமாரியில் வைத்தார். 2018-ல் அகல ரயில் பதிமூணு கண் பாலத்தின் மேல் போனதைப் பார்க்க அவர் இல்லை. அதற்கப்புறம் நீங்கள் கட்ட ஆரம்பித்தீர்கள். காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பீர்கள், வேறு யாரும் தொடக்கூடாது. அந்த முள்ளைத் தள்ளச் சொன்னால் கேட்கவா போகிறீர்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். இத்தனைக்கும் வீட்டில் மலையாளக் காலண்டரும் தமிழ்க் காலண்டரும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. கர்க்கடகம் ஒருநாள், ஆடி மறுநாள் என்று பிறக்கிற வருஷங்களில் இரண்டு நாளும் விளக்கேற்றியவர் நீங்கள். 1956-ல் செங்கோட்டை தமிழ்ப் பக்கமும் ஆரியங்காவு கேரளப் பக்கமும் போனதால் அண்ணன் ஒரு மாநிலம் தங்கை ஒரு மாநிலம் ஆன குடும்பம் நம்முடையது. இரண்டு கணக்கை ஒன்றாக வைத்துக்கொள்ள உங்களுக்குத் தெரியாதா? "உங்க வாட்சுல மூணே முக்கால் ஆனா இங்க நாலு" என்று சொன்னால் போதும். முள்ளைத் தொடவே வேண்டாம்.

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பொக்காராவுக்குப் போகிற வழியில் மைக் உங்கள் கைக்கு வந்தது, நினைவிருக்கிறதா? பாட்டுக்குப் பாட்டு முடிந்து ஆளாளுக்குத் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஊர் பேர் சொல்லிவிட்டு, "இவ என் தம்பி மக. நிச்சயம் பண்ணி நின்னு போச்சு. மனசு சரியில்லாம கிடந்தா, அதான் கூட்டியாந்தேன். எல்லாரும் இவளுக்காவ வேண்டிக்கிடுங்க" என்றீர்கள். முப்பது தலை ஒரே நேரத்தில் திரும்பியது. அந்த நிச்சயம் ஏன் நின்றது என்பதை இங்கேயும் எழுதமாட்டேன், அந்த வீட்டுக்காரர்களும் வாசிக்கக்கூடும். ஆனால் நான் 23 வயதில் ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போனதே அதைப் பற்றி யாரும் கேட்காத ஓர் ஊரில் நாலு நாள் இருக்கலாம் என்றுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டுப் பந்தியிலும் ஒரு பாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நட்சத்திரம் கேட்டார். நீங்கள் அன்பில்தான் சொன்னீர்கள். தெரியும். தெரிந்தும் எரிந்தது. இப்போது எழுதும்போதும் கொஞ்சம் எரிகிறது.

அப்புறம் முக்திநாத். 3,700 மீட்டருக்கு மேல், மூச்சு வாங்குகிற உயரம். மாட்டுத் தலை வாய்களிலிருந்து 108 தாரை விழுகிறது, பனி உருகிய தண்ணீர். நான் ஏழாவது தாரையிலேயே ஓடிவந்துவிட்டேன். நீங்கள் 67 வயதில் 108-லும் தலையைக் கொடுத்து, இரண்டு குண்டத்திலும் முங்கி, உதடு நீலமாகி, பல் அடித்துக்கொள்ள நின்றீர்கள். பௌத்தப் பெண் துறவி ஒருவர் உங்கள் தோளில் தன் துண்டைப் போட்டார். நீங்கள் அவரை "அம்மா" என்றீர்கள், அவருக்கு வயது இருபதுகூட இருக்காது. நோட்டில் 97 என்று எழுதி வட்டம் போட்டீர்கள், ஆழ்வார்கள் பாடிய திவ்யதேசங்களில் நீங்கள் பார்த்த 97-வது. அன்று ராத்திரி உங்கள் பாதத்தை என் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டேன். அந்த ராத்திரி எனக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. நம்புங்கள்.

மறுநாள்தான் அது நடந்தது.

மார்ஃபா தாண்டி காளி கண்டகி ஓரத்தில் வண்டியை நிறுத்தி, பெருமாளாக வைத்துக் கும்பிடுகிற சாளக்கிராமக் கல் தேடுகிறவர்கள் தேடலாம், சரியாக நாலு மணிக்கு வண்டி எடுத்துவிடுவோம், இருட்டுவதற்குள் தாதோபானி போக வேண்டும் என்றார்கள். அதுவரை எல்லா இடத்துக்கும் நாம் சேர்ந்தே போனோம், "வாங்க அத்தை" என்றால் வருவீர்கள், அதனால் உங்கள் வாட்சுக்கு வேலையே இருக்கவில்லை. அன்றைக்கு மட்டும் நான் வரவில்லை என்றேன். போனில் இரண்டு புள்ளி சிக்னல் வந்திருந்தது. "நாலு மணிக்கு வந்துருங்க" என்றேன். "வாட்ச பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள்.

அந்த ஆற்றுப்படுகை ஒரு கிலோமீட்டர் அகலம் இருக்கும் போல. எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறக் கூழாங்கல், நடுவில் மூன்று நாலு ஓடையாகப் பிரிந்து ஓடுகிற தண்ணீர். மத்தியானத்துக்கு மேல் கீழிருந்து அடிக்கிற காற்று மணலை அள்ளிக் கண்ணாடி மேல் அறைகிறது. நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். நாலேகால் வரை நீங்கள் இல்லை. தூரத்தில் குனிந்து குனிந்து எழுகிற ஒரு பச்சைப் புடவை மட்டும் தெரிந்தது. பெரியவர் ஒருவர் மலைச்சரிவு, ராத்திரி, டிரைவர் என்று ஏதேதோ கத்தினார். இன்னொருவர், "வயசானதுகளை எதுக்குக் கூட்டிட்டு வாரது" என்றார், அவருக்கே 70 இருக்கும். (நீங்கள் இதை வாசித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஐயா. அன்றைக்கு எல்லோருக்கும் பயம்.)

முந்தானையில் கல்லை முடிந்துகொண்டு, தலையெல்லாம் மணலாக, சிரித்துக்கொண்டே வந்தீர்கள். படியில் கால் வைத்ததும் கூச்சல். நீங்கள் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "நாலுதானட்டி ஆவுது?"

"நேத்தே சொன்னேன்லா அத்தை, வாட்ச மாத்துங்கன்னு."

சொல்லவே இல்லை. நேற்றும் சொல்லவில்லை, முந்தாநாளும் சொல்லவில்லை. வாயில் அது எப்படி வந்தது என்று தெரியாது. முப்பது பேரும் என் பக்கம் சாய்ந்தார்கள், "பாவம் பிள்ள, அது என்ன செய்யும்" என்றார்கள். ஃபாரம் எழுதிக் கொடுத்து, ஹிந்தி பேசி, பை தூக்கி, அந்த பஸ்ஸுக்கே நான் செல்லப்பிள்ளை ஆகியிருந்தேன். அந்தப் பெயரை விட மனசில்லை. மைக்கில் சொன்னதற்குப் பழி வாங்கினேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சத்தியம் பண்ணச் சொல்லாதீர்கள்.

நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. முடிச்சை அவிழ்த்து, ஏழு கல்லையும் படிக்குக் கீழே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தீர்கள். ஏறி, பின்னால் போய் வேறு சீட்டில் உட்கார்ந்தீர்கள். அங்கிருந்து கோரக்பூர் வரை, கோரக்பூரிலிருந்து கொச்சுவேளி வரை.

ஊருக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவிடம் போட்டுக்கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். நீங்கள் தொழுவத்துக்குப் போய்விடுகிறீர்கள். இது என்ன தண்டனை அத்தை? ஒரு பொய்க்கு மூன்று வருஷமா?

சரி, விடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது அத்தானுக்கும் தெரியாது. உங்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறியவள் நான். ஏழில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எலுமிச்சம்பழ அளவு, கறுப்பு, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் நத்தை மாதிரி சுருள் தெரிகிறது. நீங்கள் சக்கரம் என்பீர்கள். இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த பிராணியாம், பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தையது. இந்த மூன்று வருஷமும் என் பீரோவில் துப்பட்டாவில் சுற்றிக் கிடக்கிறது. பூஜையில் வைத்தால் தினமும் நைவேத்தியம் செய்ய வேண்டும் என்பார்களே, நான் ஒருநாளும் செய்யவில்லை.

அதை உங்களிடம் தரவா, கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிடவா? அத்தானிடம் சொல்லி அனுப்பினால் போதும். ஐப்பசி 7, ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி செங்கோட்டையில் எடுக்கிறோம். புளியரை செக்போஸ்ட்டில் கூட்டம் இல்லாவிட்டால் ஒன்பதே முக்காலுக்கு உங்கள் வாசலைத் தாண்டும். டிரைவரிடம் ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மாமா வாட்சிலும் அப்போது ஒன்பதே முக்கால்தான்.