ராக்கர் ஷாஃப்டைக் கழற்றும் முன் தண்ணீரை இறக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைத் திருமணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு விடும் தொழிலைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தக் கார்களின் பெயின்ட், சீட், குரோமியம் பூச்சு ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொன்ன கட்டுரை, அவற்றின் என்ஜினுக்குள் கை வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் நாற்பத்தொரு ஆண்டுகள் மோட்டார் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி அம்பாசிடர் கார்களோடுதான் கழிந்தது.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை தயாரான அம்பாசிடரில் நெடுங்காலம் பொருத்தப்பட்டு வந்தது, பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 1489 சிசி பெட்ரோல் என்ஜின். இந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் மேடுகள் கொண்ட சுழல்தண்டான கேம் ஷாஃப்ட் கீழே, சிலிண்டர்கள் உள்ள பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. வால்வுகளோ மேலே, பிளாக்கை மூடியிருக்கும் ஹெட்டில் இருக்கின்றன. கேம் தூக்கும் டேப்பட் என்னும் சிறு உருளையின் மேல் புஷ்ராட் என்னும் மெல்லிய எஃகுக் கம்பி நிற்கிறது. அது மேலேறி ராக்கர் ஆர்மின் ஒரு முனையைத் தூக்க, சீசா பலகையைப் போல மறுமுனை இறங்கி வால்வைத் திறக்கிறது. ராக்கர் ஆர்ம்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும் தண்டுதான் ராக்கர் ஷாஃப்ட். 1992-இல் வந்த 1800 சிசி ஐசுஸு என்ஜினில் கேம் ஷாஃப்டே ஹெட்டுக்கு மேல் ஏறிவிட்டதால் இந்த நீண்ட கம்பிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. இன்று தொழில் கற்றுவரும் பிள்ளைகள் பார்த்துப் பழகுவதும் கேம் மேலே உள்ள என்ஜின்களைத்தான். ஆகவே புஷ்ராட் என்ஜின் ஒன்று கைக்கு வரும்போது அவர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை. அவர்களைக் குறை சொல்லவும் நான் விரும்பவில்லை.

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்தவர் ஒருவர், முகூர்த்த நாட்களில் வாடகைக்கு விடும் தம்முடைய அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தேன். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. டேப்பட் சத்தம் கேட்கிறது என்று ஒரு பட்டறையில் விட்டதாகவும், அங்கே ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி மாட்டிக் கொடுத்ததாகவும், பத்து நாள் ஓடியபின் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததாகவும் அவர் சொன்னார். "ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டுக் கழற்றினார்களா?" என்று கேட்டேன். மேலே உள்ள ஷாஃப்டைக் கழற்றத் தண்ணீரை எதற்கு இறக்க வேண்டும் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அந்தப் பட்டறைக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அங்கேதான் தவறு நேர்ந்தது. இந்த என்ஜினில் ராக்கர் ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் பிளாக்கோடு சேர்த்துப் பிடித்திருப்பவை. மற்ற ஹெட் நட்டுகளை இறுக்கத்திலேயே விட்டுவிட்டு இந்த நான்கை மட்டும் கழற்றினால், ஹெட் ஒரு பக்கம் அழுந்தியும் ஒரு பக்கம் தளர்ந்தும் நின்று கோணிக்கொள்ள வழி ஏற்படும். தளர்ந்த இடத்தில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கட் தகட்டைத் தாண்டித் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும், அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள்ளும் இறங்கும். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங்குகள் எத்தனை நாள் தாங்கும்? ஆகவேதான் முதலில் தண்ணீரை இறக்கி, ஹெட் நட்டுகள் அனைத்தையும் உரிய வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்தி, அதன் பிறகே ஷாஃப்டைத் தூக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்து என்ஜின்களின் ஆங்கிலக் கையேடுகள் அழுத்திச் சொல்கின்றன. மாட்டும்போதும் அதே வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, சமமாக இறுக்க வேண்டும். ஆங்கிலக் கையேட்டைப் புரட்டிப் படிக்கும் வாய்ப்பு நம் ஊர்ப் பட்டறைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் தொழில் ஆசான். அவர் வேறொரு மெக்கானிக்கின் வாயிலிருந்து கேட்டவர்.

அந்தக் காரைத் திறந்தபோது வேறு சிலவும் தெரிந்தன. எட்டு புஷ்ராடுகளையும் உருவி எடுத்துப் பழைய மேசைக் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாக உருட்டினேன். ஆறு கம்பிகள் சத்தமின்றி உருண்டோடின. இரண்டு மட்டும் தத்தித் தத்தி ஓடின. வளைந்த கம்பியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். அடிமுனையில் உள்ள குண்டு டேப்பட்டின் குழியில் உட்காராமல் விளிம்பில் நின்றபோதே ஷாஃப்டை வைத்து இறுக்கியிருக்க வேண்டும் என்பது என் அனுமானம். இறுக்கும் முன், வால்வு இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ அனைத்தையும் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு கம்பியும் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுழற்றிப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கம்பியை உருவும்போதும் அவசரம் கூடாது. ஆயிலின் பிடிப்பில் டேப்பட்டும் கூடவே மேலேறி வந்து, தன் துளையை விட்டு நழுவிவிடும். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றினால்தான் அதை மீட்க முடியும். கம்பியை இலேசாகத் திருகி ஆட்டினால் அந்தப் பிடிப்பு விடுபடும். உருவிய கம்பிகளை ஓர் அட்டையில் எட்டுத் துளையிட்டு எண் போட்டுச் செருகி வைப்பது என் வழக்கம், ஏனெனில் எந்தக் கம்பி எந்த டேப்பட்டோடும் எந்த ராக்கரோடும் தேய்ந்து பழகியதோ, அதே இடத்துக்கே அது திரும்ப வேண்டும்.

இவ்வளவுக்கும் தொடக்கம் டேப்பட் சத்தம்தான் என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்வு முனைக்கும் ராக்கருக்கும் இடையே என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது எங்கள் பேச்சில் 15 தவு, இடைவெளி இருக்க வேண்டும். ராக்கர் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு குழியின் இரு கரைகளிலும் பாலம்போல் நின்றுவிடும். கேஜ் 15 காட்டினாலும் உண்மையில் இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும், சத்தமும் நிற்காது. அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை முறை செட்டிங் செய்தும் பயனில்லை. நகத்தால் வருடிப் பார்த்தாலே அந்தக் குழி தெரியும். ராக்கரை மாற்றவோ, தகுதியான லேத்தில் சீர்செய்யவோ வேண்டும்.

"அண்ணே, சத்தமே வரக்கூடாது" என்று கேட்கும் வண்டிக்காரர்களுக்கு நான் எப்போதும் மறுப்பே சொல்லி வந்திருக்கிறேன். அவர்களைத் திருப்திப்படுத்த இடைவெளியைக் குறைத்தால் என்ஜின் இனிமையாகத்தான் ஓடும். ஆனால் சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராமல், வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்த வழியின்றி விளிம்பு கருகிவிடும். மெல்லிய ஒரே சீரான சத்தம் இந்த என்ஜினின் இயல்பு.

செட்டிங் செய்யும் முறையும் கடினமானதன்று. பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். எட்டாம் வால்வு முழுவதும் அழுந்தி நிற்கும்போது முதல் வால்வின் இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். ஆறாவது அழுந்தும்போது மூன்றாவதை, நான்காவது அழுந்தும்போது ஐந்தாவதை. இரு எண்களையும் கூட்டினால் எப்போதும் 9 வரும் என்பதால் எழுதிவைக்க வேண்டியதே இல்லை. ஸ்க்ரூவைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சற்றுத் திரும்பிவிடும் என்பதால் இறுக்கியபின் மறுபடியும் தகட்டைச் செலுத்திப் பார்ப்பது கட்டாயம். இதைத் தவிர்ப்பவர்களே அதிகம்.

ஆசிரியர் அவர்கள் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மோட்டார் மெக்கானிக் பயிற்சி தரும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், கழிக்கப்பட்ட அம்பாசிடர் என்ஜின் ஒன்றையாவது பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பயிற்சிக் கூடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கேம் தூக்க, கம்பி ஏற, ராக்கர் சாய, வால்வு திறப்பதை ஒரு மாணவன் விரலால் தொட்டு அறிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. மேலும், இத்தகைய பழுதுபார்ப்பு முறைகளைப் படத்துடன் தமிழில் எழுதி வெளியிடத் தங்கள் நாளிதழ் வாரம் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள எந்தப் பயிற்சி நிலையம் அழைத்தாலும் என் ஃபீலர் கேஜையும் எட்டுத் துளையிட்ட அட்டையையும் எடுத்துக்கொண்டு, ஊதியம் எதுவுமின்றி வந்து சொல்லித்தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
திண்டுக்கல்.