இரண்டு துண்டு பிரெட்டுக்கு நன்றி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் எல்லாருக்கும்,

செவ்வாய் இரவு மாடியிலிருந்து கொட்டியது மழை இல்லை என்பது இதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் போனது, யார் எப்படிக் கத்தினார்கள் என்பதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. மாடித் தொட்டியிலிருந்து என் செடிகளுக்குப் போகும் குழாயில் நான் ஒட்டிய இணைப்பு பிய்த்துக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது. குழாய் ஒட்டும் பசையான சொல்யூஷன் விரலில் காய்ந்து இன்னும் உரியவில்லை, அதோடுதான் எழுதுகிறேன்.

மோட்டாரை நிறுத்த ஓடியவர், ஏணி தந்தவர், துடைப்பமும் வாளியுமாக வந்த பிள்ளைகள், இரவு பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து, இரண்டு குழாய்களை இணைக்கும் கப்ளிங்கும் ஒரு டப்பா சொல்யூஷனும் கொடுத்து "காசை அப்புறம் பார்க்கலாம்" என்ற ஹார்டுவேர்க் கடைக்காரர், மறுநாள் முழுவதும் என் செடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்த மாணவர்கள் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. பெயர் போட்டால் யாராவது ஒருவர் விடுபடுவார், பிறகு அதற்கு ஒரு பஞ்சாயத்து.

கீழ்வீட்டு அக்காவுக்கு மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

முறுக்கு சுட்டு விற்பவர். அன்று அரைத்துவைத்த மாவு அத்தனையும் என் தண்ணீரில் கரைந்துபோனது. அவர் மாடியேறி வரும் சத்தம் கேட்டதும் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். வந்தவர் கையில் இரண்டு துண்டு பிரெட்.

தொட்டித் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வில் உப்பு படிந்து அது முழுதாக மூடவில்லை. துடைக்கத் துடைக்கக் குழாயில் நூலாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. குழாயின் வெளிப்புறத்தையும் கப்ளிங்கின் உட்புறத்தையும் சற்றே கரைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக்காக்கிவிடுவதுதான் அதன் வேலை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அறுத்த விளிம்பைத் தடவிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. கோணல், பிசிறு வேறு. நேராக அறுக்கவைத்து, உப்புத்தாள் போடவைத்து, பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, உள்பகுதியை உருட்டிக் குழாய்க்குள் விரலால் தள்ளினார். தண்ணீர் நின்றது.

"கொஞ்ச நேரம்தான் தாங்கும் தம்பி, சீக்கிரம் துடை."

அவருடைய அப்பா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் பிட்டராம். வீட்டில் எந்தக் குழாய் உடைந்தாலும் டார்ச் பிடித்து நின்றது இவர்தானாம்.

சொல்யூஷன் தடவிச் செருகும்போதே கால் சுற்று திருப்பச் சொன்னார். கையை எடுத்தால் குழாய் மெல்ல வெளியே தள்ளும் என்று என் கைமேல் தன் கையை அழுத்திவைத்து ஒன்று, இரண்டு என்று முப்பதுவரை எண்ணினார். அவசரமே இல்லாத எண்ணிக்கை. பதினெட்டு வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே அவர் கட்டில் நனைந்து கிடக்கிறது, அவரோ என் தக்காளிச் செடிக்குப் போகும் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்காக நள்ளிரவில் குடம் வைத்துக் காத்திருந்த தெரு இது. அந்தத் தெருவில்தான் ஒரு தொட்டித் தண்ணீரைப் பாழாக்கினேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நாளை ராத்திரிவரை வால்வைத் தொடாதே. குழாய் முனையில் இருக்கும் மூடியைக் கழற்றியே வை, கசிவது அதன் வழியாகப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மாலையில் ஒட்டிய பத்தாவது நிமிடமே திறந்துபார்த்த ஆள் நான் என்பது அவருக்குத் தெரியும். இந்த முறை இருபத்து நான்கு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று இரவு திறந்ததும் முதலில் பிரெட் கஞ்சியாக வந்தது. அது முழுவதும் வெளியேறிய பிறகே சொட்டுக்குழாய்களை மாட்டினேன், இல்லாவிட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும். இணைப்பில் ஒரு சொட்டு இல்லை.

அக்கா, மாவுக்கான பணத்தை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இனி அரிசி மூட்டையாகவே வரும், அதைத் தூக்கிக்கொண்டு உங்களால் மாடியேற முடியாது. அந்த கேட் வால்வை ஞாயிறு காலை மாற்றப்போகிறேன். வேலையைத் தொடங்கும் முன்பு வந்து உங்கள் கட்டிலை நகர்த்திவைத்துவிடுகிறேன்.