டிக் போடுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

கட்டுரை ஏற்கப்பட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். திருத்து, திருத்து என்று உயிரை வாங்கிய அந்த ரிவியூவர் கடைசியில் மனமிரங்கினாரே, அதுவே பெரிது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அது சந்தா ஜர்னல்; படிவத்தில் டிக் போட்டுப் பணம் கட்டினால் உன் கட்டுரையை மட்டும் ஓப்பன் ஆக்சஸாக, அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும்படி, திறந்துவிடுவார்கள். கட்டலாமா? உன் கைப்பணம் என்றால் வேண்டாம்.

இது புது ஏற்பாடு இல்லை. ஸ்பிரிங்கர் பதிப்பகம் 2004-இல் 'ஓப்பன் சாய்ஸ்' என்று ஆரம்பித்தபோதே கட்டுரைக்கு 3,000 டாலர் கேட்டது. நேச்சர் இதழ் 2021-இல் இந்த வழியைத் திறந்தபோது கட்டணம் 9,500 யூரோ! நூலகத்தில் சந்தாப் பட்டியலோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளியவன் நான். எனக்கு உறுத்துவது தொகைகூட இல்லை. அதே இதழுக்கு நூலகம் சந்தாவும் கட்டுகிறது, எழுதியவரும் கட்டுகிறார். திறந்த கட்டுரைகளுக்குத் தக்கபடி சந்தாவைக் குறைக்கிறோம் என்று பதிப்பகங்கள் சொல்வதுண்டு. ஏகப்பட்ட இதழ்களை மூட்டையாகக் கட்டி ஒரே விலை சொல்லும்போது அந்தக் குறைப்பை எங்கே போய்த் தேடுவது? தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகள் உடனே திறந்திருக்க வேண்டும் என்று 2018-இல் 'பிளான் எஸ்' திட்டத்தை அறிவித்த ஐரோப்பிய நிதி அமைப்புகள், சந்தாவும் கட்டுரைக் கட்டணமும் வாங்கும் இந்தக் கலப்பு இதழ்களுக்குப் பணம் தர மறுத்ததும் இதனால்தான். முழுக்கத் திறந்த முறைக்கு மாறுவதற்கான இடைக்கால ஒப்பந்தங்களுக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தார்கள். அந்த ஆதரவும் 2024-ஓடு நின்றது.

திறந்துவிட்டால் மற்றவர்கள் உன் கட்டுரையை மேற்கோள் காட்டுவது கூடும் என்று உன் சக ஆசிரியர் சொன்னாராமே. கூடலாம். ஆனால் நல்ல கட்டுரையைத்தான் பணம் கட்டித் திறக்கிறார்கள், அதனால்தான் அப்படித் தெரிகிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ரிவியூ முடிந்து, அச்சுக்கோப்புக்குப் போகும் முன் உன்னிடம் இருக்கும் கடைசி வேர்டு கோப்பை உன் நிறுவனம் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியத்தில் போட்டுவிடு. பல பதிப்பகங்கள் இதை அனுமதிக்கின்றன. சில, வெளியாகி ஓராண்டு பொறுக்கச் சொல்லும். உன் இதழின் விதி என்ன என்று 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' (முன்பு 'ஷெர்ப்பா ரோமியோ') தளத்தில் தேடினால் கிடைக்கும். ஜர்னல் வடிவமைத்த பிடிஎஃப்பை மட்டும் ஏற்றிவிடாதே, அதில்தான் சண்டை வரும். இயற்பியல்காரர்கள் 1991 முதலே கட்டுரைகளை ஆர்க்சிவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய ஜர்னல்கள் ஒன்றும் மூடிவிடவில்லை.

முதலில் உனக்கு நிதி கொடுத்தவர்களின் விதியைப் படி. உடனே திறக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டு, ஜர்னலோ காத்திருக்கச் சொன்னால் சிக்கல்தான். கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள். உங்கள் நூலகத்தையும் கேள். பதிப்பகத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால் உன் பைசா இல்லாமலே திறந்துவிடும்.

நிதி கொடுத்தவர்களோ நூலகமோ பணம் தருகிறார்கள் என்றால் தாராளமாக டிக் போடு. ஆனால் உரிமத்தைப் பார்த்துப் போடு. 'சிசி பை' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் உன் பெயரைச் சொல்லி யாரும் எப்படியும் பயன்படுத்தலாம். வணிகத்துக்கும் மாற்றத்துக்கும் தடை போடும் உரிமம் என்றால், சில பதிப்பகங்கள் அந்த வணிக உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும். காசையும் கட்டி உரிமையையும் கொடுப்பானேன்? வெளியானதும், அலுவலக இணைப்பு இல்லாமல் போனில் திறக்கிறதா என்று பார். பணம் வாங்கிய பிறகும் பூட்டியே கிடந்த கட்டுரைகள் உண்டு.

ஒப்பந்தப் படிவத்தை எனக்கும் அனுப்பு, ஒரு பார்வை பார்க்கிறேன். சீக்கிரம் அனுப்பு. கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள், அப்புறம் கொஞ்ச நாளுக்குத் திரைப்பக்கமே விடமாட்டாள் என் மகள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்