சிரப் ஊற்றி அனுப்பாதீர்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்,
ஜூன் மாதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. சின்ன வகுப்புகளில் காலி இடங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் வாயெல்லாம் புண், இன்னொரு வீட்டில் கன்னம் வீங்கியிருக்கிறது. ஜூன், ஜூலையில் எல்லா வருடமும் நடப்பதுதான். அதற்காக நான் எழுதவில்லை. காலை 7 மணிக்கு பாரசிட்டமால் சிரப் ஊற்றி, 8.30-க்கு ஜீப்பில் ஏற்றிவிடப்படும் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த மருந்து நாலு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். மத்தியானச் சோற்றுக்கு மணி அடிக்கும்போது பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்திருக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் பங்கு போயிருக்கும்.

உங்களில் பலர் விடியும் முன்னே பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிறீர்கள். ஒரு நாள் வீட்டில் இருந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதல் இரண்டு நாள் படுக்க வைத்தால் போகிற காய்ச்சல், அனுப்பி அனுப்பி ஒரு வாரம் இழுக்கிறது. வீட்டில் பாட்டியிடமோ அக்கம்பக்கத்திலோ விட்டுவிட்டு எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் அனுப்பலாம். இருமலும் சளியும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் பரவாயில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது அதிகம் தெரிவது கை, கால், வாய் நோய். ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால், நாக்கு, சிலருக்குப் புட்டத்திலும் சிவந்த கொப்புளம். 2022 மே மாதம் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று செய்தி வந்து எல்லோரையும் கலங்கடித்ததே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாக ரசம் வையுங்கள். ஆனால் வாய்ப்புண் ஆறும் வரை அந்தப் பிள்ளைக்குப் புளிப்பும் காரமும் வேண்டாம். ஆறிய கஞ்சி, பால், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் போதும். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகச் சரியாகும். சில வாரம் கழித்து நகம் உரிந்து வந்தால் பயப்படாதீர்கள், புது நகம் முளைக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை தேறிய பிறகும் பல வாரம் மலத்தில் இந்த வைரஸ் இருக்கும். கழிப்பறைக்குப் போய்வந்த பின் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் பயன். சில பெற்றோர் அன்போடு சானிடைசர் பாட்டில் கொடுத்து அனுப்புகிறீர்கள். இந்த வைரஸிடமும் மஞ்சள் காமாலை வைரஸிடமும் அதன் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது. அந்தக் காசுக்கு ஒரு சோப்பு வாங்கித் தாருங்கள், குழாயடியில் வைக்கிறோம்.

அடுத்தது அம்மை, அதாவது கொப்புளம் போடும் சின்னம்மை. இதைப் பற்றித்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. ‘மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான்’ என்று சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்து முகத்தில் தழும்போடு பிள்ளை வரும். வீட்டில் அம்மா இறங்கியிருப்பதை வெளியே சொல்லத் தயக்கம் என்றால் புரிந்துகொள்கிறேன். உங்கள் நம்பிக்கையில் நான் கை வைக்கப் போவதில்லை. வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாளை உள்ளே விடாததும் நல்ல வழக்கமே, நோய் பரவாமல் இருக்க அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் டாக்டரிடம் காட்டக் கூடாது என்பதையும், குளிக்கவே கூடாது என்பதையும் விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் மேலாகக் குளிப்பாட்டினால் அரிப்பு அடங்கும், புண்ணில் சீழ் பிடிக்காது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஐபுப்ரோஃபென் கலந்த காய்ச்சல் சிரப்பும் அம்மைக்கு வேண்டாம், பாட்டிலைத் திருப்பி ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று மறுநாளே அனுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது கணக்கில்லை. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். அதுவரை தொற்றும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால்தான் தெரிந்த அன்றே சொல்லுங்கள் என்கிறோம். ஒட்டிக்கொண்ட பிள்ளைக்கு 10 முதல் 21 நாளுக்குள் வெளியே தெரியும், அந்த வகுப்புப் பெற்றோரை நாங்கள் முன்னமே எச்சரிக்கலாம். உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டோம். அம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவரை உடனே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு லேசாகப் போவது பெரியவர்களை வாட்டிவிடும்.

கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. நம் பள்ளியின் மலையாளப் பிரிவுப் பிள்ளைகள் முண்டிநீர் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 2024-இல் கேரளம் முழுக்க இது நிறையப் பேருக்கு வந்தது. ‘ஊசியெல்லாம் போட்டாச்சே டீச்சர், எப்படி வரும்?’ என்று கேட்கிறீர்கள். சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிற எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து இருப்பது எம்.எம்.ஆர்., அதைத் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். சின்னம்மை ஊசியும் அப்படியே. வீக்கம் தெரிந்த நாளிலிருந்து 5 நாள் வீட்டில் வையுங்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவது உங்கள் விருப்பம், அதோடு பள்ளிக்கு மட்டும் அனுப்பாதீர்கள், தொலைத்துவிட்டு என்னிடம் வந்து நிற்பார்கள். கடுமையான தலைவலி, விடாத வாந்தி, காது கேட்கவில்லை என்பது, பையனுக்கு விதையில் வீக்கம், இதில் எது வந்தாலும் டாக்டர்.

கண் சிவந்து பீளை தள்ளினால் மெட்ராஸ் ஐ. துண்டு, தலையணை தனி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஊற்ற வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணுக்கே கேடு.

மஞ்சள் காமாலை பற்றி ஒன்று. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் ஹெப்படைடிஸ் ஏ. கல்யாண வீட்டில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் சூடாக இருக்கிறதே என்று அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றிப் பரிமாறுகிறார்கள். கொதிக்க வைத்த பலன் அதோடு போயிற்று. தானாக ஆற விடுங்கள். கண் மஞ்சளித்தால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருக்காதீர்கள். நாட்டு மருந்து கொடுப்பதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், பாரசிட்டமாலும் அவரைக் கேட்டுத்தான். மஞ்சள் தெரிந்ததிலிருந்து ஒரு வாரமாவது பள்ளி வேண்டாம்.

சிரப் விஷயத்துக்கு வருகிறேன். பாரசிட்டமால் அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 200 முதல் 300 வரை. கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் 10 மில்லி கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு இரண்டாவதில் 5 மில்லி போதும். அண்ணன் பாட்டிலை எடுத்துத் தம்பிக்கு அதே அளவு ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும், ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. அளவு மூடியில் ஊற்றுங்கள், சமையல் கரண்டியில் வேண்டாம்.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. இங்கே சீட்டு இல்லாமல் தர மறுத்தால் கோபாலபுரம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் வாங்கி வருகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அங்கேயும் சட்டம் ஒன்றுதான்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளே இழுத்தல், தண்ணீர்கூட இறங்காமை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதிருத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், கழுத்து விறைப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை ஓ.பி.க்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலும் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, வாந்தி, சோர்வு கூடினால் அது டெங்குவாக இருக்கலாம், அந்த நேரம்தான் ஆபத்து. சந்தேகம் கேட்க, கேரளத்தில் திசா என்ற சுகாதார உதவி எண் 1056, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

தடுப்பூசி அட்டை தமிழ்நாட்டில் போட்டதானாலும் கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் நர்ஸ் வந்து பார்க்கிறார். லீவில் இருக்கும் பிள்ளையின் பாடத்தை வகுப்பு டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். போன் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டால் போதும், என்ன நோய் என்பதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை