ஒரு மா நிலத்தை நம்பிக் கொடுத்த ஊருக்கு

திருவிடைமருதூர் வட்டத்தில் எங்களைத் தங்க வைத்துக்கொண்ட ஊர் மக்களுக்கு வணக்கம்.

கிராமத் தங்கல் திட்டத்தில் வந்த வேளாண் கல்லூரி மாணவிகள் ஏழு பேரும் சேர்ந்து எழுதுகிறோம். கிளம்பிய அன்று பஸ் வந்துவிட்டது. சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

முதல் நன்றி வாய்க்கால்கரை மாமாவுக்கு. சம்பா நடவு முடிந்ததும் ஒரு மா நிலத்தை, அதாவது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, எங்களிடம் விட்டீர்கள். பாதியில் வழக்கம்போல் யூரியா. மறுபாதியில் இலை வண்ண அட்டையைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் யூரியா. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை அது; இலை வெளுத்தால் எண் இறங்கும், பயிருக்கு யூரியா வேண்டும் என்று பொருள். இதுதான் ஆய்வு. மகசூல் குறைந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உங்கள் வீட்டு நெல்தான் குறைந்திருக்கும். "பயிர் வெளுத்துக் கிடக்கு, பிள்ளைங்க பேச்சைக் கேட்டுட்டு நிக்கிறியே" என்று பக்கத்து வயல்காரர் கேட்டார். "அட்டையில நாலுக்குக் கீழ இறங்கட்டும், போடுவோம்" என்றீர்கள். வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று ராத்திரி எங்களில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

பத்துக் குத்துகளில் (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள்தான் ஒரு குத்து), முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராகப் படாமல் நம் நிழலில் பிடிக்க வேண்டும். வகுப்பில் படித்ததுதான். ஆனாலும் இரண்டாவது வாரம் ஆளாளுக்குப் பார்த்து அளவு குழம்பிப் போனது. "ஒரே ஆளு, ஒரே நேரத்துல பாருங்கம்மா. ஒவ்வொருத்தர் கண்ணுக்கு ஒவ்வொரு பச்சை" என்று வழிகாட்டியதும் மாமாதான். அப்புறம் ஒருத்தி மட்டும், காலை எட்டரைக்கு, வாரம் தவறாமல் பார்த்தாள்.

அறுவடைக்குப் போன் செய்து கூப்பிட்டீர்களே, அதை மறக்கவே மாட்டோம். இரண்டு பாதியிலும் 5-க்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை போட்டோம். ஒரு தடவை யூரியா மிச்சம், நெல்லில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இலைச்சுருட்டுப் புழுவும் யூரியா கூடுதலாகப் போட்ட பாதியில்தான் அதிகம்.

பள்ளி மைதானத்தில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டபோது, கோல் ஊன்றி வந்து, தூர்ந்துபோன பழைய வாய்க்காலைக் காட்டிய அப்பாயிக்கு நன்றி. நாங்கள் விட்ட இடத்தில் நீங்களே குனிந்து நீலப் பொடி தூவினீர்கள். மழைத் தண்ணீர் ஏன் கீழத்தெருவில் நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

அறையும் சோறும் தந்த அத்தைக்கும், குத்துக்கு எத்தனை நாற்று என்று கைபிடித்துக் காட்டிய நடவுக்காரப் பெண்களுக்கும், மைதானம் தந்த தலைமை ஆசிரியருக்கும், அட்டை வாங்கித் தந்த உதவி வேளாண் அலுவலருக்கும் மனமார்ந்த நன்றி.

மாமா, அந்த அட்டை உங்கள் திண்ணை ஆணியில்தான் தொங்குகிறது. குறுவைக்கும் பாருங்கள். சந்தேகம் வந்தால் வயலில் நின்றே வீடியோ கால் போடுங்கள், எட்டரைக்குப் போனைக் கையில் வைத்திருப்போம்.