அத்தை, அந்தக் கடலில் குளிக்க முடியாது

அன்புள்ள அத்தைக்கு,

"கடலோரமா வீடெடுத்துத் தங்கினீங்களே, கடல்ல இறங்கினீங்களா?" என்று போனில் கேட்டீர்கள். இல்லை என்றதும், "அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?" என்று அடுத்த கேள்வி. அன்றைக்குப் பிள்ளை தூக்கத்துக்கு அழுதுகொண்டிருந்தான், ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நவம்பரில் நீங்கள் வந்ததும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறோம். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். சீனாவில் இந்த ஃபூஜியான் மாகாணத்துப் பக்கம் போக நினைக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ஊர் பெயர் சுன்பூ. சுவான்சௌ நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஜின்ஜியாங் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் மீனவக் கிராமம். கிராமம் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன், நகரம் வளர்ந்துவந்து அதைச் சுற்றி அடுக்குமாடிகளாக நிற்கிறது. நாங்கள் இருக்கிற சியாமெனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். 2023 செப்டம்பரில் ஃபூசௌ–சியாமென் புதுப் பாதையைத் திறந்தார்கள், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்ட பாதை. நாங்கள் இறங்கியது சுவான்சௌ தெற்கு ஸ்டேஷனில். அதற்கும் சுவான்சௌ கிழக்கு ஸ்டேஷனுக்கும் நடுவில் வளைகுடாவைக் கடலுக்கு மேலேயே பாலத்தில் கடக்கிறது ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க உங்களுக்குப் பிடிக்கும், வேண்டுமானால் அதற்காகவே ஒருதரம் கிழக்கு வரை போய்த் திரும்பலாம்.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். மணல் இல்லை, அலை இல்லை. ஆற்றுச் சேறு. வத்தத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் போய்விடும், நாங்கள் மாடியில் நின்று பார்த்தபோது படகுகளெல்லாம் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. சிப்பி வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வரும். பையன் வாளியும் மண்வெட்டியும் கொண்டுவந்திருந்தான், பாவம். மணல் கடற்கரை வேண்டுமென்றால் சியாமெனிலேயே வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே போகலாம். இது பிழைப்புக் கடல். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தங்குகிற வீட்டை இங்கே மின்சு என்கிறார்கள், குடும்பம் நடத்துகிற சின்ன விடுதி. இது எளிதில் அமையவில்லை. முதலில் வேறொரு வீட்டை ஆப்பில் பணம் கட்டிப் பதிவு செய்திருந்தோம். புறப்படுகிற அன்று காலையில் கூப்பிட்டு, வெளிநாட்டுக்காரர்களை வைத்துக்கொள்ள எங்களால் முடியாது என்றார்கள். பணம் திரும்ப வந்துவிட்டது, எரிச்சல்தான் போகவில்லை. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவாக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். சின்ன வீட்டுக்காரர்கள் பலருக்கு எப்படிச் செய்வதென்றே தெரியாது, வம்பு எதற்கு என்று கையை விரித்துவிடுகிறார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லி வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2024-ல் அரசே சொல்லியாகிவிட்டது, ஆனாலும் நடக்கிறது. ஆகவே முன்கூட்டியே போன் போட்டு, "இந்தியப் பாஸ்போர்ட், பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவதாகக் கிடைத்த வீட்டில் அந்தக் கவலையே இல்லை. வீட்டுக்கார அம்மாவின் மகன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, நாட்டுக்குள் வந்த முத்திரை மூன்றையும் போனில் படம் பிடித்தார், அங்கேயே உட்கார்ந்து ஏற்றிவிட்டார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. வாடகை ராத்திரிக்கு 250 யுவான், நம் கணக்கில் மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அறை சுத்தம், கட்டில் பெரிசு, மெத்தை மட்டும் பலகை மாதிரி. லிஃப்ட் கிடையாது. உங்கள் முட்டிக்காகக் கீழ்த்தள அறையைச் சொல்லிவைத்துவிட்டேன்.

நான் அந்த ஊரை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சுவர்கள். சந்துக்குள் நுழைந்தால் சில பழைய வீடுகளின் வெளிச்சுவர் முழுக்கச் சிப்பி ஓடு. வரிசை வரிசையாகச் சாய்த்து அடுக்கி, இடையில் மண் சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சாம்பல் வெள்ளை நிறம், ஓரமெல்லாம் கூர், பிள்ளையைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. உப்புக் காற்றில் செங்கல் பொரிந்து கொட்டும் என்று நம் வீட்டுக் கொல்லைச் சுவரைப் பார்த்து அப்பா புலம்புவாரே, இந்த ஓட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒன்றைக் கவனித்தேன்: சுவரில் இருக்கிற ஓடு என் உள்ளங்கையைவிடப் பெரியது. தெருவில் பெண்கள் உடைத்துக்கொண்டிருந்த சிப்பியோ சின்னது. பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு தெற்கே போன கப்பல்கள், திரும்பும்போது பாரத்துக்காக அந்தந்தக் கரையிலிருந்து சிப்பி ஓட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தன, அதைத்தான் வீடு கட்டப் பயன்படுத்தினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, ஓட்டின் அளவைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

சிப்பி உடைப்பதை நீங்கள் பார்க்கவேண்டும். குட்டி ஸ்டூலில் கால் அகட்டி உட்கார்ந்து, ரப்பர் கையுறை, முன்னால் ஒரு குவியல். கையில் குட்டையான இரும்புக் கம்பி. ஓட்டின் விளிம்பில் ஒரு குத்து, ஒரு திருகு, சதையை வழித்துக் கிண்ணத்தில் போட்டு ஓட்டை இடதுபக்கம் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். வாய் அதுபாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே இருக்கிறது. நான் நின்று பார்த்த பாட்டிக்கு எழுபதுக்குக் குறையாது. அந்தப் பாட்டியின் கொண்டையைச் சுற்றி மூன்று வட்டம் பூ.

ஆமாம் அத்தை, பூ. இந்த ஊர்ப் பெண்கள் தலைமுடியைப் பின்னால் வாரிச் சுருட்டிக் கொண்டை போட்டு, அதில் எலும்பினால் செய்த குச்சி ஒன்றைச் செருகி, அதைச் சுற்றி மொட்டுகளைச் சரமாகக் கோத்து வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொள்கிறார்கள். மல்லிகை மாதிரி வாசனைப் பூவும் உண்டு, அந்தந்தப் பருவத்தில் கிடைக்கிற மற்றதும் உண்டு. விசேஷ நாளுக்கென்று இல்லை, சிப்பி உடைக்கவும் மீன் விற்கவும் இப்படித்தான் போகிறார்கள். காதில் கிடக்கிற தொங்கலை வைத்துக் கல்யாணம் ஆனவளா, பாட்டியா என்றுகூடச் சொல்லிவிடலாமாம். இந்தப் பழக்கங்களை 2008-லேயே தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. 2023 வாக்கில் ஒரு நடிகையின் படம் பரவியதிலிருந்து நாடு முழுக்கப் பெண்கள் இங்கே வந்து குவிகிறார்கள். பகலில் சந்து முழுக்கப் பூ அலங்காரக் கடைதான். நாற்பது ஐம்பது யுவானில் தொடங்குகிறது, உடை, மேக்கப், போட்டோகிராஃபர் என்று சேர்த்தால் நூற்றுக்கணக்கில் போகும். தலையில் வைப்பதில் பாதிக்குமேல் துணிப்பூ! வாடாது, நாளெல்லாம் படத்தில் நன்றாக விழும் என்கிறார்கள். நானும் வைத்துக்கொண்டேன், நிஜப்பூதான் வேண்டும் என்று அடம்பிடித்து. நீங்கள் வந்தால் அந்தத் துணிப்பூக் கடைக்காரியிடம் என்ன பேசுவீர்கள் என்று இவரும் நானும் பந்தயம் கட்டியிருக்கிறோம். ஆனால் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே வேலைக்குப் போயிருந்த தன் மருமகள் இந்தக் கடைகளை நம்பித்தான் ஊரோடு திரும்பி வந்தாள் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். பகல் கூட்டம் சாயங்காலம் ஏழெட்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும், விடிகாலையிலும்தான் ஊர் ஊர்க்காரர்களுடையது. போய்விட்டு அன்றே திரும்பினால் துணிப்பூவை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்போம். ராத்திரி தங்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

சாப்பாடு பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். சிப்பியைச் சர்க்கரைவள்ளி மாவில் கலந்து, முட்டை ஊற்றி, தோசைக்கல் மாதிரி ஒன்றில் முறுகலாக வார்த்துத் தருகிறார்கள். சிங்கப்பூரில் சின்ன மாமா வாங்கிக் கொடுத்த சிப்பி ஆம்லெட்டின் பூர்வீகம் இந்தப் பக்கம்தான், அங்கே ஹொக்கியன் பேசுகிறவர்களின் முன்னோர்கள் இந்தக் கரையிலிருந்து போனவர்கள். அடிக்கடி பன்றிக் கொழுப்பில்தான் வார்ப்பார்கள், எண்ணெயில் போடச் சொல்லவேண்டும், சொன்னால் செய்கிறார்கள். காலைக்கு மெல்லிய சேமியாவைக் கஞ்சியாகக் கரைத்த ஒன்று. மேலே போடுகிற குடல், ஈரல் எல்லாம் வேண்டாம் என்றுவிட்டு, எண்ணெயில் பொரித்த நீள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டால் பிரமாதம். கடற்புழுவை ஜெல்லியாக உறையவைத்து விற்கிறார்கள், ஊரின் பெருமையே அதுதான். இவர் சாப்பிட்டார். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீயிலிருந்து தப்பிக்க முடியாது. தியேகுவான்யின் டீ விளைகிற அன்ஷி இதே சுவான்சௌவைச் சேர்ந்த ஊர். விரல்கடை அளவுக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள், காலி செய்தால் உடனே நிரப்புவார்கள். போதுமென்றால் கிண்ணத்தை நிறைத்தே வைத்துவிடுங்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வீட்டுக்கார அம்மா மூன்று மணி நேரம் எங்களை உட்காரவைத்தார், போனில் மொழிபெயர்த்துக்கொண்டே. 2023 ஜூலை 28-ல் டொக்சூரி புயல் பக்கத்து ஜின்ஜியாங் நகரில் கரையேறுவதற்கு முந்தின ராத்திரியெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். நான் 2018 கஜாவைச் சொன்னேன், நம் வீட்டு ஓடு பறந்தது, தென்னை எல்லாம் போனது. மொழிபெயர்ப்பு அரைகுறையாகத்தான் வந்திருக்கும், ஆனாலும் அவர் எழுந்து போய் ஒரு தட்டு நிலக்கடலை கொண்டுவந்து வைத்தார்.

நாகப்பட்டினத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது அத்தை, அதையும் காட்டாமல் விடமாட்டேன். சுவான்சௌவில் 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர், சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் நலனுக்காக இங்கே சிவனை எழுந்தருளுவித்ததைச் சொல்கிறது. கோயில் இப்போது இல்லை, அதன் கற்கள் இருக்கின்றன. கையுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் இரண்டு கல்தூண்களில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார், கஜேந்திர மோட்சம் இருக்கிறது. இடிந்த கோயிலின் தூண்களை எடுத்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்திலும் நிறைய இருக்கிறது, அதற்கு அரை நாள் வேண்டும். இதற்குப் பதில்போல, நம் நாகையில் 1267-ல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்தில் பொறித்திருந்த கோபுரத்தைப் பற்றி வாங் தாயுவான் என்ற சீனப் பயணி எழுதிவைத்திருக்கிறார். 1867-ல் இடிக்கப்பட்ட சீனா பகோடா அதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுவான்சௌவின் 22 இடங்களை 2021-ல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் லுவோயாங் பாலத்தை மட்டும் கட்டாயம் பார்க்கலாம்: 1053-ல் தொடங்கி 1059-ல் முடித்த கல்பாலம். அடிக்கற்களை நீரோட்டம் அசைக்காமல் இருக்க, கற்களின் மேல் சிப்பியை வளர்த்து ஒன்றோடொன்று ஒட்டவிட்டிருக்கிறார்கள். சமதளம்தான், உங்களால் நடக்க முடியும்.

இனிச் சில்லறை விஷயங்கள். அக்டோபர் முதல் வாரம் இவர்களுக்குத் தேசிய விடுமுறை, அந்த நேரத்தில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நவம்பர் என்றால் புயலும் ஓய்ந்திருக்கும், சிப்பியும் கொழுத்திருக்கும். பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வையுங்கள், ரயிலுக்கு டிக்கெட்டே அதுதான். வாட்ஸ்அப் இங்கே ஓடாது, நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுவந்தால் ஓடும். பணம் மாற்றிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவராதீர்கள், பூ விற்கிற பாட்டிகூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார், போனிலிருந்து நாங்கள் கட்டிக்கொள்கிறோம். பூ, பழம், கறிகாய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மாமி கொடுத்தனுப்புகிற கறிவேப்பிலைக்கும் இதே கதிதான் என்று சொல்லிவிடுங்கள். இட்லிப் பொடி மட்டும் நிறையக் கொண்டுவாருங்கள், அந்தக் காலைக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் போட்டுப் பார்க்கவேண்டும் என்று இவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்